மலிவான மருந்துகளின் பெரிய கணக்கு



1971ஆம் ஆண்டின் நடுப்பகுதி. கிழக்கு வங்கத்தில் மூண்ட போருக்குத் தப்பிய மக்கள் லட்சக்கணக்கில் இந்திய எல்லைக்குள் வந்துகொண்டிருந்தார்கள். மேற்கு வங்கத்தின் எல்லையோர ஊரான பன்காவில் அகதிகளிடையே காலரா பரவியது. அங்கிருந்த சிறிய மருத்துவமனையில் படுக்கைகள் நிரம்பி, நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். வாந்தியும் பேதியும் பரவிய அந்தத் தரையில் மண்டியிட்டுத்தான் நரம்பு தேடிச் சலைன் ஏற்ற வேண்டியிருந்தது. சில நாட்களில் ஏற்றுவதற்கான திரவமும் தீரும் நிலைக்கு வந்தது.

கல்கத்தாவிலிருந்து அங்கே அனுப்பப்பட்டிருந்த குழந்தை மருத்துவர் திலீப் மகலனாபிஸ் அப்போது ஒரு முடிவெடுத்தார். சமையல் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் அளந்து பொட்டலம் கட்டச் செய்தார். அதைக் குடிநீரில் கரைத்துக் குழாய் வைத்த பீப்பாய்களில் நிரப்பினார். நோயாளியின் தாய், தம்பி, பக்கத்துப் படுக்கைக்காரர் என்று யார் இருந்தாலும், குவளையில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். அதுவரை நூறு பேரில் முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், இந்த முறையில் சிகிச்சை பெற்றவர்களில் இறப்பு நூற்றுக்கு நான்கை விடக் குறைந்தது.

ஒரு லிட்டருக்கு ஆன செலவு சில பைசாக்கள். 1978இல் லான்செட் மருத்துவ இதழ், இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றம் இதுவாகவே இருக்கக்கூடும் என்று எழுதியது. ஆனால் மகலனாபிஸுக்குப் பத்ம விபூஷண் கிடைத்தது 2023இல்தான். அதற்கு முந்தைய ஆண்டே அவர் காலமாகிவிட்டார்.

இந்த உரை சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். கருவில் தொடங்கி முதுமை வரை மனித உயிரை அதிகம் காத்தவை பெரும்பாலும் விலை மலிந்தவை. மலிவாக இருப்பதாலேயே அவை மதிப்பிழந்து கிடக்கின்றன. ஒரு முழு உடல் பரிசோதனைக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தயாராக இருக்கும் குடும்பம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இரும்புச் சத்து மாத்திரையை அலமாரியின் மூலையில் போட்டுவைக்கிறது. இது படிப்பறிவைப் பொறுத்த விஷயமும் இல்லை. படித்த வீடுகளிலும் அதே அலமாரி, அதே மூலை.

கர்ப்ப காலத்திலிருந்து பார்க்கலாம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கரு உண்டான நான்கு வாரங்களுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று பெண் கவனித்து, மாமியாரிடம் சொல்லி, மருத்துவரைப் பார்க்கக் கிளம்பும் நேரத்தில் அந்த வேலை பாதிக்கு மேல் முடிந்திருக்கும். அதனால்தான் குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கச் சொல்கிறார்கள். தினமும் 400 மைக்ரோகிராம். மாதம் முழுக்கச் சாப்பிட்டாலும் ஒரு சினிமா டிக்கெட்டின் விலை வராது. ஆனால் நம் ஊரில் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்க நாலு கடை ஏறுகிறவர்கள் யாரும் இந்த மாத்திரையைப் பற்றி மணப்பெண்ணிடம் பேசுவதில்லை.

கர்ப்ப கால நீரிழிவைக் கண்டுபிடிப்பதிலும் அப்படி ஒரு எளிய வழியை வகுத்துக் கொடுத்தவர் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வி. சேஷய்யா. வெறும் வயிற்றில் வர வேண்டும், பல முறை ரத்தம் கொடுக்க வேண்டும் என்றால் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வரும் கர்ப்பிணிக்கு அது நடக்காத காரியம். சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கட்டும், இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை போதும், அளவு 140ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும் என்ற முறையை அவரும் அவர் சகாக்களும் முன்வைத்தார்கள். இந்திய அரசின் வழிகாட்டுதலில் இன்று இருப்பது இந்த முறைதான். அவர் பிறந்த நாளான மார்ச் 10, கர்ப்ப கால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படுகிறது. இந்த ஒரு பரிசோதனையால் தாய் மட்டும் பயன்பெறுவதில்லை. கர்ப்பத்தில் சர்க்கரை கட்டுக்குள் இல்லாத தாய்க்குப் பிறக்கும் பிள்ளைக்குப் பிற்காலத்தில் உடல் பருமனும் நீரிழிவும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், இரண்டு தலைமுறைகளுக்கு இது காவல்.

பிறந்த முதல் ஒரு மணி நேரத்தில் குழந்தையைத் தாயின் மார்பில் போட வேண்டும். முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலில் நோய் எதிர்ப்புப் பொருள்கள் நிறைந்திருக்கின்றன. அடுத்த ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது இவ்வளவுதான். ஆனால் தமிழ்நாட்டின் தென்மாவட்ட வீடுகளில் இன்னும் சேனை தொட்டு வைக்கும் வழக்கம் இருக்கிறது. குடும்பத்தில் நல்ல பெயரெடுத்த பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ விரலில் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைப்பார், அவருடைய குணம் குழந்தைக்கு வரும் என்ற நம்பிக்கையில். அந்தப் பாசத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைப் பாக்டீரியா, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சை உண்டாக்கலாம். பெரியவர் குழந்தையின் உச்சந்தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கட்டும், நாக்குக்கு எதுவும் வேண்டாம்.

கழுதைப்பாலுக்கும் அதே பதில்தான். ‘கழுதைப்பாலோய்’ என்ற குரல் தெருவில் கேட்டால் கைக்குழந்தை உள்ள வீட்டுக் கதவு திறக்கிறது. கண்ணெதிரே கறந்து, காய்ச்சாமல், ஒரு சங்கு அளவு அப்படியே புகட்டுகிறார்கள். காய்ச்சாத எந்தப் பாலும் பச்சிளம் குழந்தைக்கு ஆபத்து. குளிப்பாட்டும்போது மூக்கில் ஊதுவது, தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பது, வசம்பும் மாசிக்காயும் இழைத்து உரைமருந்து ஊற்றுவது, தொக்கம் எடுப்பது எல்லாம் இந்த வரிசையில் நிறுத்த வேண்டியவை. பாட்டிமார் இதைக் கேட்டுக் கோபித்துக்கொள்ள வேண்டாம். பேரப்பிள்ளைக்கு அவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி வேறு இருக்கிறது.

எடை குறைந்து பிறந்த குழந்தையைத் துணி விலக்கித் தாயின் வெற்று மார்போடு அணைத்துக் கட்டிவைக்கும் கங்காரு பராமரிப்புதான் அந்த உதவி. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், வெப்பப் பெட்டிகள் போதாமல் ஒரு பெட்டியில் பல குழந்தைகளைப் போட வேண்டிய நெருக்கடியில், எட்கர் ரேய் என்ற மருத்துவர் தொடங்கிய முறை இது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு, குழந்தை பிறந்த உடனேயே இதைத் தொடங்கினால், நிலைப்படும் வரை காத்திருந்து தொடங்குவதை விட, முதல் மாத இறப்பு கால் பங்கு குறைகிறது என்று காட்டியது. தாய் களைத்துப் படுத்திருக்கும்போது பாட்டியும் அப்பாவும் அந்த நெஞ்சுச் சூட்டைக் கொடுக்கலாம். மருத்துவமனைகள் வாசலிலேயே தடுத்து நிறுத்தும் அப்பாக்களை உள்ளே விட வேண்டும் என்பதற்கு இதை விட நல்ல காரணம் இல்லை.

வயிற்றுப்போக்குக்குத் திரும்ப வருவோம். மகலனாபிஸின் பொட்டலம் இன்று ஓஆர்எஸ் என்ற பெயரில் ஒவ்வொரு அங்கன்வாடியிலும் கிடைக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்பது அழகான உடலியல். பேதியாகும் குடலால் உப்பைத் தனியே உறிஞ்ச முடியாமல் போகிறது. ஆனால் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து வந்தால் இரண்டையும் ஒன்றாக உள்ளே இழுக்கும் வாசல் அந்த நிலையிலும் திறந்தே இருக்கிறது. அவை போகும்போது தண்ணீரும் கூடவே போகிறது. அதனால் அளவு முக்கியம். பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். தம்ளரில் பாதி பொட்டலம், மீதி நாளைக்கு என்று பிரித்தால் உப்பு கூடிக் குழந்தைக்குக் கெடுதல். சர்க்கரை கூடினாலோ பேதி அதிகமாகும். கடையில் அட்டைப் பெட்டியில் விற்ற இனிப்புப் பானங்கள் பல ஆண்டுகளாக ஓஆர்எஸ் என்ற எழுத்துகளைத் தாங்கி மருந்துக் கடைகளில் அடுக்கப்பட்டிருந்தன. 2025 அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பானங்களில் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. குழந்தைகளுக்கு அதை வாங்கிக் கொடுத்த பெற்றோர் நல்ல மருந்து என்று நம்பித்தான் காசு கொடுத்தார்கள்.

மலிவான மருந்தை மக்களிடம் கொண்டுசேர்ப்பது எப்படி என்பதற்கு வங்கதேசம் ஒரு பாடம். பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெண் ஊழியர்களை நடந்தே அனுப்பியது. மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். ஊழியர் கலக்கிக் காட்டுவார். பிறகு அந்த வீட்டுத் தாய் தன் கையால் கலக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து வேறொருவர் சில வீடுகளுக்குப் போய், தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, சரியாகக் கலக்குகிறாரா என்று சோதிப்பார். தாய் தேர்ச்சி பெற்றால்தான் ஊழியருக்கு முழு ஊதியம். எத்தனை துண்டுப் பிரசுரம் கொடுத்தோம், எத்தனை கூட்டம் போட்டோம் என்று கணக்கு எழுதும் நம் சுகாதாரப் பிரச்சாரங்கள் கற்க வேண்டிய முறை இது. மக்களுக்குப் புரியவில்லை என்றால் பிழை சொன்னவருடையது.

ஓஆர்எஸ் கரைசலோடு துத்தநாக மாத்திரையையும் 14 நாட்களுக்குத் தர வேண்டும். பேதி நின்றுவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது. தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்த வேண்டியதில்லை. கண் குழிந்து, சிறுநீர் போகாமல், மந்தமாகக் கிடக்கும் குழந்தையையோ மலத்தில் ரத்தம் போகும் குழந்தையையோ கணமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

பள்ளி வயதுக்குத் தமிழ்நாடு செய்தது நிறைய. 1956இல் காமராசர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவு, 2022இல் தொடங்கிய காலை உணவு. பசித்த வயிறோடு இறைவணக்கக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்தவை அவை. ஆனாலும் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019–21இல் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்று சொல்லிற்று. பள்ளிகளில் வாரம் ஒரு முறை தரப்படும் நீல நிற மாத்திரையை வாயில் போட்டுக் கழிப்பறைப் பக்கம் போய்த் துப்பிவிடும் மாணவிகள் உண்டு. வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். இரண்டும் உண்மைதான், இரண்டும் ஆபத்தில்லாதவை. சாப்பிட்ட பிறகு மாத்திரையை விழுங்கி, கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ எடுத்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காப்பி, டீயைத் தள்ளி வைத்தால் இரும்பு நன்றாக உடலில் சேரும். இதை ஆசிரியை ஒரு முறை உட்காரவைத்துச் சொன்னால் போதும். வகுப்பில் தூங்கி வழியும் பெண்ணைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் அவள் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

இன்னொன்று, பள்ளிக் கழிப்பறை. அங்கே தாழ்ப்பாளும் தண்ணீரும் இல்லையென்றால் மாணவிகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் சிறுநீரை அடக்கிக்கொண்டு மாலை வரை உட்கார்ந்திருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று அங்கேதான் ஆரம்பிக்கிறது. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தக் கழிப்பறையை ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

முப்பது வயதிலிருந்து அறுபது வரையான காலம்தான் இந்த உரையில் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம். அதுதான் வீட்டில் எல்லோருடைய உடம்பையும் பார்த்துக்கொள்ளும் வயது, தன் உடம்பைப் பார்க்காத வயதும் அதுதான்.

ரத்த அழுத்தத்தை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2020இல் நடந்த ஸ்டெப்ஸ் என்ற சுகாதாரக் கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்குத்தான். ‘தலை சுத்தல, மயக்கம் இல்ல, எனக்கு ஏது பிரஷர்?’ என்று கேட்பவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். இந்த நோயின் இயல்பே அதுதான், எதுவும் தெரியாது. தெரியும் நாளில் ஒரு கை விளங்காமல் போயிருக்கும், அல்லது சிறுநீரகம் பழுதாகியிருக்கும். மாத்திரை போட்டு அளவு சரியானதும் ‘குணமாயிடுச்சு’ என்று நிறுத்திவிடுவது அடுத்த தவறு. மாத்திரையால்தான் அளவு சரியாக இருக்கிறது, நிறுத்தினால் மறுபடி ஏறும்.

அளக்கும் முறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். படியேறி வந்த மூச்சோடு, நர்ஸிடம் பேசிக்கொண்டே, சட்டைக் கையைச் சுருட்டி இறுக்கிக்கொண்டு அளந்தால் வரும் எண் சரியாக இருக்காது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். அரை மணி நேரத்துக்குள் காப்பியோ பீடியோ கூடாது. முதுகு சாய்ந்திருக்க, பாதம் தரையில் பதிந்திருக்க, கை நெஞ்சு மட்டத்தில் மேசை மேல் இருக்க வேண்டும். பேசக் கூடாது. வேறு வேறு நாட்களில் அளந்தும் 140க்கு 90ஐத் தொடுகிறது என்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

அந்த 7.3 என்ற எண்ணுக்குக் கிடைத்த பதில்களில் ஒன்று 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். அன்றாடக் கூலிக்குப் போகிறவர் மாத்திரை வாங்க ஒரு நாள் சம்பளத்தை விட்டு வரிசையில் நிற்க மாட்டார், அதனால் மாத்திரை அவர் வீட்டுக்குப் போகட்டும் என்பது அதன் அடிப்படை. அதே ஊரில் இருக்கும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் ரத்த அழுத்தக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வருகிறார். பல ஊர்களில் முதல் முறையாக அறிகுறி எதுவும் இல்லாத ஒருவரின் கையில் கருவி கட்டப்பட்டது இப்படித்தான். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது இதற்குக் கிடைத்தது. கொளுத்தும் வெயிலில் தெருத்தெருவாக நடக்கும் அந்தப் பெண்களுக்குக் கிடைக்கும் ஊக்கத்தொகை அவர்கள் உழைப்புக்குப் போதாது என்பதையும் இந்த மேடையிலிருந்து சொல்லியாக வேண்டும்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் அளவு, போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியர்கள் ஏறக்குறைய அதில் இரு மடங்கு எடுத்துக்கொள்கிறார்கள். தமிழர் தட்டில் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், வற்றல், கருவாடு. இவற்றைக் கைவிடச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. ஒரே சாப்பாட்டில் இரண்டு மூன்றைச் சேர்க்காமல் ஒன்றோடு நிறுத்தலாம். சோறு வடிக்கும்போதும் சப்பாத்தி மாவு பிசையும்போதும் போடும் உப்பை விடலாம், குழம்பில் இருப்பதே போதும். இரண்டு மூன்று வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

நடையைப் பற்றி இரண்டு ஆய்வுகள் சொன்னால் போதும். 1953இல் ஜெர்ரி மோரிஸ் என்ற ஆய்வாளர் லண்டனின் இரட்டை மாடிப் பேருந்துகளை எடுத்துக்கொண்டார். ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே சம்பளம், ஒரே வகைக் குடும்பங்கள். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், நடத்துநர் நாள் முழுக்கப் படியேறி இறங்குவார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது, வந்தபோதும் உயிரிழப்பு குறைவாக இருந்தது. இரண்டாவது நம் ஊர் ஆய்வு. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். எந்த மாற்றமும் செய்யாதவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு வந்தது. தினம் அரை மணி நேரமாவது நடந்து, சர்க்கரையையும் மாவுச் சத்தையும் குறைத்தவர்களுக்கு அந்த ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்த பிரிவில் குறைந்தது 26.4 சதவீதம். நடையும் உணவுக் கட்டுப்பாடும் மாத்திரைக்குச் சமமாக நின்றன. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது கூடுதல் பலன் எதுவும் இல்லை.

தமிழ்நாட்டுக்காரர்கள் பெருமையோடு நினைவில் வைத்திருக்க வேண்டிய இன்னொரு ஆய்வு திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டறிய வசதியான நாடுகளில் செய்யும் பரிசோதனைக்கு ஆய்வுக்கூடமும் நிபுணரும் வேண்டும். அவை இல்லாத கிராமத்தில் என்ன செய்வது? வினிகரில் இருக்கும் அதே அசெட்டிக் அமிலத்தை 4 சதவீத அளவில் பஞ்சில் தொட்டுக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, நல்ல வெளிச்சத்தில் பார்த்தால், மாறத் தொடங்கிய இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியரே பார்க்கலாம். திட்டு இருந்தால் அங்கேயே உறைய வைத்து அகற்றும் சிகிச்சை தரலாம். ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையில் உள்ள மருத்துவமனையை மையமாகக் கொண்டு, 30 முதல் 59 வயது வரையான பெண்களிடம் நடந்த இந்த ஆய்வின் முடிவு 2007இல் லான்செட்டில் வந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை இந்தப் பரிசோதனை செய்த ஊர்களில் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. அந்தப் பெண்களில் பலர் வயல் வேலையை நிறுத்திவிட்டு வந்தவர்கள். கூச்சத்தைத் தாண்டி அவர்கள் வந்ததால் உலகின் பல ஏழை நாடுகளுக்கு ஒரு வழி கிடைத்தது. அதே பரிசோதனை இன்று அரசு மருத்துவமனைகளில் இலவசம். முப்பதைத் தாண்டிய எத்தனை பெண்கள் அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று இந்த அரங்கில் கேட்டால் எழும் கைகள் குறைவாகவே இருக்கும். வலியோ ரத்தப்போக்கோ இல்லாதபோதுதான் இதைச் செய்துகொள்ள வேண்டும், வந்த பிறகு போவது காலம் கடந்த பயணம்.

புகைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ரிச்சர்ட் டால் குழுவின் 2004ஆம் ஆண்டு அறிக்கை, 30 வயதில் விட்டவர் ஏறக்குறைய 10 ஆண்டுகளும், 40இல் விட்டவர் 9 ஆண்டுகளும், 50இல் விட்டவர் 6 ஆண்டுகளும், 60இல் விட்டவர்கூட 3 ஆண்டுகளும் ஆயுளில் திரும்பப் பெறுகிறார் என்று சொன்னது. ‘இனிமே விட்டு என்ன ஆகப்போகுது’ என்பவருக்கு இந்த எண்களை விடச் சிறந்த பதில் கிடையாது.

முதுமையில் கண்ணும் காலும் காதும் கவனம் கேட்கின்றன. கண்ணைப் பற்றிச் சொல்லும்போது மதுரையை விட்டுவிட முடியாது. முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்து போன நிலையிலும் அறுவைசிகிச்சை செய்யப் பழகிக்கொண்ட மருத்துவர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பின் 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து நூறு டாலர் அளவு விலைக்கு வந்தது. 1992இல் அந்த மருத்துவமனையின் ஆரோலேப் தொழிற்கூடம் மதுரையிலேயே அதைச் செய்யத் தொடங்கி விலையைப் பத்து டாலர் அளவுக்கு இறக்கியது. ‘வயசானா பார்வை மங்கத்தான் செய்யும்’ என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்ட பல லட்சம் பேர் மீண்டும் ஊசியில் நூல் கோத்தார்கள். இன்றும் கண்புரை முற்றட்டும் என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது, பார்வை அன்றாட வேலையைத் தடுக்கும்போதே செய்துகொள்ளலாம்.

மங்கிய பார்வைதான் பல சமயம் கீழே விழவும் வைக்கிறது. உலகில் ஆண்டுக்கு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விழுந்து இறக்கிறார்கள், அவர்களில் முதியவர்களே அதிகம். நம் வீடுகளில் விழும் இடம் பெரும்பாலும் குளியலறையும் அதற்குப் போகும் வழியும்தான். இரவில் சிறுநீர் கழிக்க எழும் தாத்தா, விளக்குப் போட்டால் பிள்ளைகள் தூக்கம் கெடும் என்று இருட்டில் தடவிப் போகிறார். ஈரமான பளபள டைல்ஸ், தேய்ந்த ரப்பர் செருப்பு, காலில் தடுக்கும் வேட்டி. இடுப்பு எலும்பு முறிந்தால் அறுவைசிகிச்சைக்கு லட்சக்கணக்கில் ஆகும், பலர் பழையபடி நடப்பதே இல்லை. சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, வழியில் ஒரு சிறிய இரவு விளக்கு, வழுக்காத மிதியடி எல்லாம் சேர்ந்து சில நூறு ரூபாய்தான். படுக்கையிலிருந்து எழுந்தவுடன் நின்றுவிடாமல் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார வேண்டும். பகலில், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியைப் பத்து முறை செய்தால் தொடையில் பலம் நிற்கும். பக்கத்தில் ஒருவர் துணைக்கு இருக்கட்டும்.

காது மந்தமானதும் பெரியவர்கள் பேச்சிலிருந்து மெல்ல விலகிவிடுகிறார்கள். மறதி நோயை ஆராய்ந்த லான்செட் ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கையில், தடுக்கக்கூடிய 14 காரணங்களில் நடுவயதில் கேட்கும் திறன் குறைவதையும் தனிமையையும் சேர்த்திருக்கிறது. கத்திப் பேசி அலுத்துக்கொள்வதற்குப் பதில் காதுப் பரிசோதனைக்கு ஒரு நாள் அழைத்துப் போகலாம். மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் தாமே வாங்கி மாதக்கணக்கில் போடும் வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதையும் அப்போது மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இவ்வளவும் மலிவு என்றால் ஏன் நடக்கவில்லை என்று கேட்கலாம். ஓஆர்எஸ் பொட்டலத்துக்குத் தொலைக்காட்சியில் நடிகர் விளம்பரம் செய்வதில்லை. உப்பைக் குறைப்பதால் யாருக்கும் லாபம் இல்லை. ஆகவே இவற்றைச் சொல்லிக்கொண்டே இருக்கும் வேலை கிராம சுகாதார செவிலியருக்கும் அங்கன்வாடி ஊழியருக்கும் ஆசிரியருக்கும் வந்து சேருகிறது. அந்தப் பணியிடங்கள் காலியாகக் கிடந்தால் எந்த அறிவுரையும் வீடு வந்து சேராது. தனிமனிதரை மட்டும் குறை சொல்லி அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது. தெருவில் நடைபாதை இல்லாத ஊரில் தினம் நடக்கச் சொல்வதில் நியாயம் இல்லை.

கேட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வாரம் முடிவதற்குள் வீட்டில் முப்பது வயதைத் தாண்டிய எல்லோரையும், முக்கியமாக ‘எனக்கு ஒண்ணும் இல்ல’ என்று சொல்லும் அம்மாவையும் மனைவியையும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து எழுதி வையுங்கள். அங்கே அதற்குக் கட்டணம் கிடையாது.